பாலமில்லாத ஆறு: பனியனின் படைப்புகளில் மரண அச்சம்

முன்னுரை

கிறித்தவ இலக்கியத்தைப் பொருளாகக் கொண்டு நம் மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளில் ஒரு வாய்பாடு அடிக்கடி தலைகாட்டுகிறது. விசுவாசம் மரண பயத்தைப் போக்குகிறது என்பதே அது. அதற்குச் சான்றாக ஒரு பாடல், பாடலின் கீழ் விவிலிய வசனம் ஒன்று, அதன்பின் இயல் முடிவு. இவ்வாய்பாட்டைப் பிழை என்று ஒதுக்க இயலாது. ஆயினும் எந்த நூலைக் கொண்டு வந்தாலும் அது பொருந்திவிடுகிறது. எல்லா நூலுக்கும் பொருந்தும் கூற்று எந்த நூலைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை என்பதால், திருத்தும்போது அதன் ஓரத்தில் ஒரு வினாக்குறியை இட்டுத் திருப்பி அனுப்புவதே நம் வழக்கமாக இருந்தது.

அண்மையில் இதனை வேறொரு நிலையில் நின்று எண்ணிப் பார்க்க நேர்ந்தது. நமக்கு நெடுநாள் பழக்கமான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர், தீராத நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். அவரைக் காண வந்த சபையார் சிலர், அஞ்சலாகாது என்றும் அச்சம் விசுவாசக் குறைவின் அடையாளம் என்றும் அன்போடுதான் அறிவுறுத்திச் சென்றனர். அவர்கள் சென்றபின் அவர் நம்மிடம் கூறினார்: “சாவுக்கு மட்டுந்தான் பயந்துகொண்டிருந்தேன், தம்பி. இப்போது பயப்படுவதற்கும் பயப்பட வேண்டியிருக்கிறது.”

நம் மாணவர்களின் வாய்பாடும் அச்சபையாரின் அறிவுரையும் ஒன்றே என்பது அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது. விசுவாசம் அச்சத்தைப் போக்கும் எனின், அச்சம் போகாதவனிடம் விசுவாசம் இல்லை என்பது அதிலிருந்து தானே பெறப்படும். கிறித்தவ இலக்கியத்தின் பெரும்படைப்புகள் உண்மையில் இதைத்தான் சொல்கின்றனவா? இவ்வினாவை ஜான் பனியனின் படைப்புகளை, குறிப்பாகத் தமிழில் ‘மோட்சப் பயணம்’ என வழங்கும் நூலை முன்வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. எச்.ஏ. கிருட்டிணப்பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்திற்கு மூலமாக அமைந்த நூல் என்பதால் தமிழ் பயில்வோருக்கு இது அயலான நூலன்று. உருவகப் பாத்திரங்களின் பெயர்களைப் பொருள் நோக்கி நாமே தமிழாக்கித் தருகிறோம். ஏற்கெனவே உள்ள மொழிபெயர்ப்புகளில் அவை வேறாக இருக்கக்கூடும்.

ஏணியின் மேல் நின்றவர்

பனியன் 1628-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள எல்ஸ்டோவில் பிறந்தார். ஓட்டைப் பாத்திரங்களைச் சீர்செய்யும் தொழிலே அவர் குடும்பத் தொழில். அரசுத் திருச்சபையின் இசைவின்றி மக்களைக் கூட்டிப் போதித்ததற்காக 1660-இல் சிறைப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என்று ஒரு சொல் கூறியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அச்சொல்லைக் கூற மறுத்து ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் உள்ளே இருந்தார். பயண நூலின் முதற்பகுதி 1678-இலும் இரண்டாம் பகுதி 1684-இலும் வெளிவந்தன.

இவற்றுக்கு முன்பே, சிறையிலிருந்தவாறு தம் ஆன்மிக வரலாற்றை அவர் எழுதி 1666-இல் வெளியிட்டார். அதன் இறுதியில் வரும் ஒரு பகுதி நம் பொருளுக்கு அடிப்படையானது. சிறை வாழ்வின் தொடக்கத்தில், சட்டத்தை நன்கறியாத இளம் கைதியான பனியன், தமக்குத் தூக்குத் தண்டனை கிடைக்கலாம் என்று நம்பினார். தூக்குமரத்து ஏணியின் மேல், கழுத்தில் கயிற்றோடு நிற்பதாகப் பலகால் தமக்குத் தோன்றியதை எழுதுகிறார். இங்கு நாம் கூர்ந்து நோக்கவேண்டியது அவர் எதற்கு அஞ்சினார் என்பதை. சாவைவிட, சாகும்போது தம் முகம் வெளிறிவிடுமோ, முழங்கால் நடுங்கிவிடுமோ என்பதே அவரை வாட்டியது. ஒரு நற்காரியத்திற்காக இறக்கும் தருணத்தில் தாம் அஞ்சுவதைப் பகைவர் கண்டால், தம் விசுவாசமே இழிவுக்குள்ளாகும் என எண்ணி அவர் நாணினார். நம் ஆசிரியர் சொன்ன அதே இரட்டை அச்சம் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பெட்ஃபோர்டுச் சிறையிலும் இருந்திருக்கிறது.

இதிலிருந்து அவர் மீண்ட விதம் வியப்பளிப்பது. வேண்டினார், ஆறுதல் வரவில்லை. இறைவனிடமிருந்து அடையாளம் எதுவும் கிட்டவில்லை. இறுதியில், ஆறுதல் வந்தாலும் வராவிட்டாலும் தம் நிலையிலிருந்து பின்வாங்குவதில்லை என்று முடிவுசெய்கிறார். இறைவன் உதவிக்கு வராவிடினும், கண்ணைக் கட்டிக்கொண்டு ஏணியிலிருந்து நித்தியத்துக்குள் குதித்துவிடுவது. மூழ்கினாலும் நீந்தினாலும், விண்ணகமானாலும் நரகமானாலும் ஆகட்டும். கிறித்து தாங்கிப் பிடித்தால் பிடிக்கட்டும், பிடிக்காவிட்டாலும் அவர் பெயருக்காகத் துணிவது என்பது அம்முடிவின் சாரம். இதில் அச்சம் நீங்கிவிட்டதாக ஒரு சொல்லும் இல்லை. அச்சம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனைத் தம் நிலைக்கு அளவுகோலாகக் கொள்வதைத்தான் பனியன் கைவிடுகிறார். மூழ்குதல், நீந்துதல் என்னும் நீர்ப்படிமம் இங்கேயே தோன்றிவிட்டதையும் குறித்துக்கொள்ளலாம்.

ஆற்றின் நடுவே

பயண நூலின் தலைவன் கிறித்தியான் அழிவுநகரிலிருந்து புறப்பட்டு வானக நகரை நோக்கிச் செல்கிறான். நகர வாயில் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. ஆறு ஆழமானது, பாலம் இல்லை. வேறு வழி உண்டா என்று அவனும் அவன் தோழன் நம்பிக்கையனும் கேட்கிறார்கள். உண்டு, ஆனால் உலகம் தோன்றியது முதல் ஏனோக்கு, எலியா ஆகிய இருவர்க்கே அவ்வழி வாய்த்தது என்கின்றனர் உடன்வந்த ஒளிமேனியர். நீர் எங்கும் ஒரே ஆழந்தானா என்று வினவுகிறார்கள். அதற்கு வரும் விடை, இந்நகரின் அரசர்மேல் நீங்கள் கொள்ளும் விசுவாசத்திற்கு ஏற்ப ஆழம் கூடும், குறையும் என்பது.

வாய்பாட்டை விரும்புவோர் இவ்விடத்தில் நூலை மூடிவிடலாம். அவர்கள் வேண்டியது கிடைத்துவிட்டது. விசுவாசம் மிகுந்தால் நீர் குறையும். நீர் குறையாவிட்டால் விசுவாசம் குறைவு. சபையாரின் அறிவுரைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் இக்கூற்று கரையில் நிற்பவர்களால், நீரில் இறங்காதவர்களால் சொல்லப்படுகிறது. பனியன் அடுத்து என்ன செய்கிறார் என்பதைக் கொண்டே இதனை மதிப்பிட வேண்டும்.

நீரில் இறங்கியவுடன் கிறித்தியான் மூழ்கத் தொடங்குகிறான். அலைகள் தலைக்கு மேல் செல்வதாகக் கூவுகிறான். பேரிருள் கவிகிறது. வழியில் தான் பெற்ற ஆறுதல்களில் எதனையும் அவனால் நினைவுகூரவோ கோவையாகப் பேசவோ முடியவில்லை. பயணத்தைத் தொடங்குமுன் செய்த பாவங்களும் தொடங்கியபின் செய்தவையும் ஒருங்கே வந்து மொய்க்கின்றன. இவன் புதிய பயணி அல்லன். பள்ளத்தாக்கில் அழிம்பனோடு போரிட்டு வென்றவன். மாயச்சந்தையில் தன் தோழன் கொலையுண்டதைக் கண்டும் பின்வாங்காதவன். சிலுவையின் அடியில் அவன் முதுகுச் சுமை எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. இத்தகையவனையே பனியன் இறுதி ஆற்றில் தத்தளிக்க விடுகிறார். அவனுக்குப் பின்னே பயணத்தில் சேர்ந்த, அனுபவத்தில் இளையவனான நம்பிக்கையனின் காலுக்கோ அடித்தரை தட்டுப்படுகிறது. தரை நன்றாக இருக்கிறது என்று அவன் குரல் கொடுக்கிறான்.

ஒரே ஆறு, ஒரே நேரம், இருவேறு ஆழம். கரையில் சொல்லப்பட்ட விதி மெய்யாகிறது போலத் தோன்றும். ஆயின் கிறித்தியான் அடித்துச் செல்லப்படவில்லை. நம்பிக்கையன் அவன் தலையை நீருக்கு மேல் தாங்கிப் பிடிக்கிறான், பெரும்பாடுபட்டே பிடிக்கிறான். சில வேளை கிறித்தியான் முழுதும் அமிழ்ந்து, அரையுயிராய் மேலெழுகிறான். வாயில் தெரிகிறது, நம்மை வரவேற்க ஆட்கள் நிற்கிறார்கள் என்கிறான் தோழன். அவர்கள் காத்திருப்பது உனக்காக, எனக்காக அன்று என்கிறான் கிறித்தியான். இவ்வுரையாடலில் அச்சம் கொண்டவனின் தர்க்கம் துல்லியமாகப் பதிவாகியுள்ளது: நான் சரியானவனாக இருந்திருந்தால் இறைவன் இந்நேரம் எழுந்து வந்திருப்பார், வரவில்லை, ஆகவே நான் கைவிடப்பட்டவன். அச்சத்தையே தன் தண்டனைக்குச் சான்றாக அவன் காட்டுகிறான்.

நம்பிக்கையன் தரும் மறுமொழியே இந்நூலின் நடுநாடி எனக் கருதுகிறோம். அவன் அஞ்சாதே என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. நீ ஒரு வசனத்தை மறந்துவிட்டாய் என்கிறான். அது எழுபத்து மூன்றாம் சங்கீதத்தின் தொடக்கப் பகுதி. பொல்லாதவர் சாகும்போது அவர்களுக்கு வேதனை இல்லை, அவர்கள் வலிமையோடு இருக்கிறார்கள், மற்றவர் படும் துன்பம் அவர்களுக்கு இல்லை என்று அப்பாடல் முறையிடுகிறது. இதனை எடுத்துக்காட்டி, நீ படும் தத்தளிப்பு நீ கைவிடப்பட்டதற்கு அடையாளம் ஆகாது என நிறுவுகிறான். கரையில் கேட்ட விதி நீரின் நடுவே மறுதலையாக வாசிக்கப்படுகிறது. அமைதி நற்பேற்றின் சான்றன்று. நடுக்கம் கேட்டின் சான்றுமன்று.

இதன்பின் கிறித்தியான் மீண்டும் கிறித்துவைக் காண்கிறான். கால் தரையில் ஊன்றுகிறது. எஞ்சிய ஆறு ஆழமற்றதாகிறது. இம்மீட்சியை மட்டும் பிரித்தெடுத்து அச்சம் நீங்கியதற்குச் சான்றாக்குவது எளிது. ஆனால் அமிழ்ந்துபோன நேரம் முழுவதும் அவனைத் தாங்கியது அவனது விசுவாசமன்று. அவன் மறந்ததை நினைவில் வைத்திருந்த வேறொருவனின் கை அது. மரண இருளின் பள்ளத்தாக்கிலும் இவ்வாறே நிகழ்ந்தது என்பதை முன்சென்று ஒப்பிட்டுக் காணலாம். அங்கு இருளில் தனியே தடுமாறும் கிறித்தியானுக்குத் தெம்பூட்டுவது, தனக்கு முன்னே எங்கோ ஒருவன் இருபத்து மூன்றாம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டு நடக்கும் குரல். அக்குரலுக்குரியவனை அவன் அப்போது பார்க்கவில்லை. தன்னைப்போல் இன்னொருவனும் இவ்விருளில் இருக்கிறான் என்பதே போதுமானதாக இருந்தது.

அமைதியாகச் செத்தவர்கள்

கிறித்தியானுக்குப் பின் ஆற்றுக்கு வருபவன் அறியாமையன். அவனுக்கு இதில் பாதித் தொல்லையும் இல்லை. வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் அவனைப் படகில் ஏற்றி எளிதாக அக்கரை சேர்க்கிறான். நனையாமல் கடந்தவன் மலையேறி வாயிலைத் தட்டுகிறான். நுழைவுச் சீட்டு கேட்கப்படுகிறது, மடியைத் துழாவுகிறான், இல்லை. கைகால் கட்டப்பட்டு மலைச்சரிவிலுள்ள ஒரு கதவின் வழியே வெளியேற்றப்படுகிறான். முதற்பகுதி இத்துடன் முடிகிறது.

இம்முடிவின் கடுமையை நாம் மழுப்ப விரும்பவில்லை. அறியாமையன் செருக்குடையவன், வாதாடுபவன். ஆயினும் அவனுக்கு நேர்ந்ததைப் படித்து நிறைவு கொள்ள நம்மால் இயலவில்லை. மகிழ்ச்சியோடு முடிந்திருக்கவேண்டிய கனவின் கடைசிப் பக்கத்தில் இவனைக் கொண்டுவந்து நிறுத்தியது, வாசகனை மீண்டும் அச்சத்துக்குள் தள்ளவே உதவுகிறது. பனியனின் இறையியல் இங்கு அவரது இரக்கத்தை முந்திவிட்டது என்றே கொள்கிறோம். எனினும் கதையமைப்பு நோக்கில் ஒன்று தெளிவு. அஞ்சியவன் உள்ளே செல்கிறான். அஞ்சாதவன் வெளியே தள்ளப்படுகிறான். இது தற்செயல் அன்று என்பதற்கு 1680-இல் பனியன் எழுதிய மற்றொரு நூல் சான்று பகர்கிறது.

திருவாளர் பேட்மன் என்பவனின் வாழ்வையும் இறப்பையும் இருவர் உரையாடுவதாக அமைந்தது அந்நூல். பேட்மன் பொய்யன், ஏமாற்றுக்காரன், மனைவியை வதைத்தவன். ஒழுக்கநூல் மரபின்படி அவன் அலறித் துடித்துச் சாகவேண்டும். அந்நூற்றாண்டு வாசகர் எதிர்பார்த்ததும் அதுவே. நன்றாகச் சாவது எப்படி எனக் கற்பிக்கும் சிறு நூல்கள் ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு முதலே பரவியிருந்தன. பனியன் சார்ந்திருந்த சீர்திருத்தக் குழுவினரிடையேயும் மரணப் படுக்கையின் நடத்தையைக் கவனித்து ஆன்மாவின் நிலையைக் கணிக்கும் வழக்கம் வலுவாக இருந்தது. இப்பின்புலத்தில் பனியன் பேட்மனை ஆட்டுக்குட்டியைப் போல அமைதியாக, அச்சமின்றிச் சாகவிடுகிறார். உரையாடுவோரில் ஒருவர் திகைத்து, அப்படியாயின் அவன் மீட்படைந்தானா என்று கேட்கிறார். அமைதியான சாவு எதற்கும் சான்றாகாது என்று மற்றவர் நெடிது விளக்குகிறார்.

கிறித்தியான், அறியாமையன், பேட்மன் ஆகிய மூவரையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, மரணத் தருணத்தின் தோற்றத்தைக் கொண்டு ஒருவனின் விசுவாசத்தை அளக்கும் வழக்கத்தைப் பனியன் திட்டமிட்டே உடைத்திருக்கிறார் எனலாம். முழங்கால் நடுங்குமோ என்று ஏணிமேல் நாணி நின்ற இளைஞர், அந்நாணம் தேவையற்றது என்பதைக் கதைகளின் வழியே தமக்கும் பிறர்க்கும் உணர்த்திக்கொண்டார்.

பாடிக்கொண்டே சென்றவள்

இரண்டாம் பகுதி இலக்கியத் தரத்தில் முதற்பகுதிக்கு ஈடாகாது என்பது பரவலான கருத்து. அதன் நடுப்பகுதி தொய்வுடையது என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் ஆற்றங்கரைக் காட்சிகளில் அது முதற்பகுதியை விஞ்சி நிற்கிறது. இங்குப் பயணிகள் பலர். ஒவ்வொருவருக்கும் ஓலை வருகிறது. ஒவ்வொருவரும் நண்பர்கள் கரைவரை உடன்வர நீரில் இறங்குகின்றனர். ஒருவர்க்கு ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. ஒருவர்க்கு அலையடங்கிக் கிடக்கிறது. பெருக்கெடுத்த ஆற்றைக் கடந்தவர் நேர்மையர் என்னும் முதியவர். அவர் விசுவாசம் குறைந்தவர் என்று நூல் எங்கும் கூறவில்லை.

அஞ்சுவான் என்றொரு பாத்திரம். வழிநெடுகக் கல் தடுக்கினாலும் கலங்கியவர். வியப்பென்னவெனில் அவர் சிங்கங்களுக்கு அஞ்சவில்லை, மாயச்சந்தையில் சண்டைக்கும் ஆயத்தமாக இருந்தார். இறுதியில் தாம் ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்பது ஒன்றே அவரை வாட்டியது. அவர் ஆற்றுக்கு வந்தபோது நீர் எக்காலத்திலும் இல்லாத அளவு தாழ்ந்திருந்தது. பாதணி நனையுமளவு நீரில் நடந்து கடந்தார். விசுவாசத்தின் அளவே ஆழத்தின் அளவு என்ற கரை விதி இங்கும் பொருந்தாமல் போகிறது. அஞ்சுபவர்க்கு ஆறே இரங்கியது என்பதன்றி இதற்கு வேறு விளக்கம் நமக்குத் தோன்றவில்லை.

மனத்தளர்ச்சி என்பவரும் அவர் மகள் பேரச்சமும் வருமிடம் நாம் மீண்டும் மீண்டும் படித்த பகுதி. ஓலை வந்தபின் தந்தை தம் நண்பர்களிடம் விடைபெறும்போது ஒரு விந்தையான மரணசாசனம் செய்கிறார். எங்கள் தளர்ச்சியையும் அடிமைத்தனமான அச்சங்களையும் எங்களுக்குப் பின் யாரும் பெற்றுக்கொள்ள வேண்டாம், அவை பேய்கள், பயணம் தொடங்கியபோது நாங்கள் அவற்றுக்கு இடங்கொடுத்தோம், பின்னர் உதற முடியவில்லை, இனி அவை வேறு வீடு தேடி உங்களிடம் வரும், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. பயணம் முழுவதும், ஆற்றங்கரை வரையிலும் அச்சம் அவர்களை விடவில்லை என்பதை இது ஒப்புக்கொள்கிறது. அவ்வச்சத்தோடே வந்தவர்களுக்குத்தான் ஓலையும் வந்திருக்கிறது. பின்னர் இருவரும் இறங்குகின்றனர். மகள் பாடிக்கொண்டே ஆற்றைக் கடக்கிறாள். அவள் என்ன பாடினாள் என்பது கரையில் நின்ற எவர்க்கும் விளங்கவில்லை.

பனியனின் சொற்சிக்கனம் இங்கு உச்சம் பெறுகிறது. அவர் நினைத்திருந்தால் அவள் வாயில் ஒரு பாடலை எழுதிக் கொடுத்திருக்கலாம். நூலின் பிற இடங்களில் பாடல்களுக்குப் பஞ்சமில்லை. எழுதவில்லை. கரையில் நிற்பவர்க்கு நீரில் நடப்பது முழுதும் தெரியாது என்பதை அவர் மதித்தார்.

தமிழ் மரபில் கடக்கும் நீர்

இக்காட்சிகளைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிக்கும்போது ஒரு இடர்ப்பாடு எழுகிறது. நம் மரபில் கடத்தற்குரிய நீர் பிறவியே. பிறவி கடல், இறைவன் திருவடி புணை. இறப்பு அக்கடலின் அலைகளில் ஒன்று. வைதரணி என்னும் ஆறு புராணங்களில் உண்டெனினும் அது இறந்தபின் வருவது. பனியனின் ஆறோ இறப்பே ஆகும். ஒருமுறை மட்டும் கடப்பது. நிலையாமையைப் பாடத் தொல்காப்பியர் காலந்தொட்டுக் காஞ்சித்திணை நமக்கு உண்டு. நமனுக்கு அஞ்சோம் என முழங்கிய அப்பர் உண்டு. இம்முழக்கங்களைப் படித்துப் பழகிய மாணவர், கிறித்தியான் நீரில் அலறுவதைக் கண்டு இவன் பக்குவமற்றவன் என்று எழுதிவிடுகின்றனர்.

ஆனால் தமிழ் மரபு முழுவதும் முழக்கம் அன்று. யமதூதர் சூழச் சுற்றத்தார் அழ நினைவழியும் வேளையைத் திருப்புகழில் அருணகிரிநாதர் எத்தனை முறை விரித்துரைத்து, அப்போது வரவேண்டும் என முருகனை வேண்டுகிறார்! பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில் திருவரங்கத்து இறைவனை நோக்கிய பதிகம் ஒன்று, சாகும் நேரத்தில் நினைக்க முடியாமல் போகலாம் என்பதால் இப்போதே சொல்லிவைப்பதாக அமைந்தது. வைணவர் போற்றும் வராக சரம சுலோகத்திலோ, கட்டை போலவும் கல் போலவும் கிடக்கும் அடியவனைத் தாம் நினைப்பதாக இறைவனே உரைக்கிறார். ஆற்றின் நடுவே கிறித்தியானுக்கு நேர்ந்த மறதியை இம்மரபு முன்பே அறிந்திருந்தது. ஒருவன் மறந்தாலும் அவனுக்காக நினைப்பவர் ஒருவர் வேண்டும். வைணவத்தில் அது இறைவன், பனியனிடம் அது தோழன்.

இந்த இடத்தில்தான் கிருட்டிணப்பிள்ளை குறிப்பிடத்தக்கவர் ஆகிறார். 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். நற்போதகம் இதழில் ஆண்டுக்கணக்கில் தொடராக வெளிவந்து 1894-இல் நூலான இரட்சணிய யாத்திரிகத்தில் மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. பனியனிடமிருந்து அவர் விலகும் இடங்களுள் முதன்மையானது சிலுவைப் பகுதி. பனியன் சிலுவையைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார்: கிறித்தியான் பார்க்கிறான், சுமை உருண்டு விழுகிறது. கிருட்டிணப்பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரித படலத்தை அமைத்து, இயேசு பிடிபட்டதையும் இகழப்பட்டதையும் அறையப்பட்டதையும் காப்பிய விரிவோடு பாடுகிறார். நம் பாடநூல்கள் எடுத்தாளும் பாடல்கள் பெரும்பாலும் இப்படலத்தைச் சார்ந்தவை. இதனைப் பக்திப் பெருக்கால் நேர்ந்த மிகை என்று கூறுவோர் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தன் சாவைக் கடக்கவிருக்கும் பயணிக்கு, முன்னரே செத்த ஒருவரின் சாவை முழுமையாகச் சொல்லிக் காட்டுவது அவனைத் தனியே நீரில் இறக்காதிருப்பதற்கான தமிழ்க் காப்பிய வழி. அந்த ஒருவரும் அஞ்சாதவர் அல்லர் என்பது நற்செய்தி நூல்களின் கூற்று. கெத்செமனே தோட்டத்தில் அவர் கலங்கினார், விழித்திருக்குமாறு நண்பர்களைக் கேட்டார், அவர்கள் உறங்கிவிட்டனர். அவருக்குக் கிடைக்காத துணையைப் பனியன் தம் பயணிக்குக் கொடுத்திருக்கிறார்.

ஒரு சொல்

முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது இலண்டன் பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டில் பனியனின் கல்லறையைக் கண்டிருக்கிறோம். பிணங்கியிருந்த ஒரு தந்தையையும் மகனையும் இணக்கப்படுத்திவிட்டு, மழையில் நனைந்தபடி இலண்டனுக்குக் குதிரையில் வந்து காய்ச்சலுற்று 1688 ஆகஸ்டு இறுதியில் அவர் இறந்தார். பிற்காலத்தில் அக்கல்லறையின் இரு பக்கங்களிலும் சிற்பம் செதுக்கினர்: ஒரு பக்கம் கிறித்தியான் சுமையோடு நிற்கிறான், மறுபக்கம் சுமை கழல்கிறது. ஆறு அங்கு இடம்பெறவில்லை.

இவற்றையெல்லாம் நம் ஆசிரியரிடம் சிறிது சிறிதாக எடுத்துரைத்தோம். பேரச்சத்தின் பாடலைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. ஆனால் நம்பிக்கையன் காட்டிய சங்கீதத்தைக் கேட்டதும், தலைமாட்டிலிருந்த வேதாகமத்தை எடுத்து அவ்விடத்தைப் படிக்கச் சொன்னார். அங்கு ஒரு சிக்கல் வெளிப்பட்டது. பனியன் கையாண்ட ஆங்கில மொழிபெயர்ப்பு பொல்லாதவர்க்குச் சாவில் வேதனை இல்லை என்கிறது. தமிழ்ச் சபைகளில் நெடுங்காலமாக வழங்கும் மொழிபெயர்ப்பிலோ ‘மரணபரியந்தம்’ என்றிருக்கிறது. சாகும்வரை அவர்கள் இடரின்றி வாழ்கிறார்கள் என்றே தமிழ் வாசகர் இதனைப் புரிந்துகொள்வர். நம்பிக்கையனின் வாதமே சாவுத் தருணத்தைப் பற்றியது; தமிழில் அவ்வாதம் வலுவிழக்கிறது. கிறித்தவத் தமிழர் பலர்க்கு இவ்வசனம் ஆறுதலாக எட்டாமல் போனதற்கு இச்சொல்லும் ஒரு காரணமாகலாம் என்று நாம் கூறினோம்.

ஆசிரியர் ஒப்பவில்லை. தலையணையில் சற்று நிமிர்ந்து அமர்ந்துகொண்டார். எல்லைப் பொருளில் வரும் சொல் எல்லையை விலக்குவதும் உண்டு, உள்ளடக்குவதும் உண்டு. வடமொழி இலக்கணத்தார் இவ்விரண்டையும் வேறுபடுத்தி மரியாதை, அபிவிதி என்று பெயரிட்டிருக்கிறார்களே, மறந்துவிட்டீரா என்று கேட்டார். பரியந்தம் என்பதை இங்கு அபிவிதியாகக் கொண்டால் மரணமும் அதனுள் அடங்கும். மொழிபெயர்த்தவர் மேல் குற்றமில்லை என்பது அவர் வாதம். வழக்கில் அவ்வாறு கொள்ள இடமுண்டா என்று நாம் ஐயுற்றோம். பழைய உரைகளிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தேடிக்கொண்டு அடுத்த முறை வருமாறு கூறினார். எல்லையை உள்ளடக்கியவை ஒரு பக்கமும் விலக்கியவை மறுபக்கமுமாக எழுதிவரவேண்டும் என்றும், எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார்.